ஏழு நாள் வாடகை இரைச்சல்: தண்ணீர் புகுந்த வீட்டை உலர்த்திக் கொடுத்தவர்கள் பற்றி

வேலை முடிந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கைப்பேசிக்கு இணைப்பு அனுப்பினார்கள். நான் போடவில்லை. சாப்பாட்டுக் கடை என்றால் கை கழுவும்போதே நல்லது கெட்டது சொல்லிவிடலாம். சுவரை உலர்த்தியவர்களைப் பற்றி அன்றைக்கே நான் என்ன சொல்வது? சுவர் அல்லவா சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்டது, சுவரும் சொல்லிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பாராட்டோடு சில மனக்குறைகளையும் சொல்ல இருக்கிறேன். நேரில் பேசித் தீர்த்துக்கொண்ட விஷயத்தைப் பெயர் போட்டு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கூடம், இரண்டு வேன், ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். இதே வேலையைச் செய்பவர்கள் சிங்கப்பூரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் என்ன கேட்க வேண்டும், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவலாம்.

எங்கள் வீடு அங் மோ கியோவில், 1980 வாக்கில் கட்டிய புளோக்கில், ஏழாவது மாடியில் இருக்கும் நான்கறை வீடு. போன ஜூன் பள்ளி விடுமுறையில் என் கணவரின் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பினாங்கு போயிருந்தோம். வியாழன் விடியற்காலை கிளம்பி, ஞாயிறு இரவு துவாஸ் சோதனைச்சாவடியில் கால் கடுக்க நின்று, 11 மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் முதலில் வாடைதான் வந்தது. "என்னடி இது, மழைக்கால மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கு" என்றார் அத்தை. அவர் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். உவமை தப்பாது.

அடுத்த அடி வைத்ததும் காலுக்குக் கீழே தரை பிளச்சென்றது. வரவேற்பறையின் வினைல் பலகைகள் மேலே காய்ந்துதான் இருந்தன. ஆனால் மிதித்த இடத்தில் இடுக்கு வழியே தண்ணீர் குமிழ்விட்டு வந்தது. சமையலறை சிங்க் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்க்குப் போகும் ஹோஸ் நுனியிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெளியே எஃகுப் பின்னல், உள்ளே ரப்பர் என்று எல்லார் வீட்டு சிங்க் அடியிலும் இருக்கும் அதே ஹோஸ்தான். கடையில் 8 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதைப் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

நடைபாதையில் மீட்டர் இருக்கும் பெட்டியைத் திறந்து வால்வை மூடினோம். மூன்று மணி வரை துடைத்துத் துடைத்துப் பிழிந்தோம்.

அந்த மாதத் தண்ணீர்க் கணக்கில் வழக்கத்தைவிட 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர், கூடியிருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி. ஜிஎஸ்டி சேர்த்தாலும் 18 வெள்ளி வரவில்லை. பில்லைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்த 18 வெள்ளித் தண்ணீருக்கு நாங்கள் கொடுத்தது ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, பெரும்பகுதி சமையலறைத் தரைத்துளை வழியே போய்விட்டது. மீதிதான் அலமாரிக்கு அடியில் ஊர்ந்து, வினைலுக்குக் கீழே படர்ந்து, ஸ்டோர் ரூம் வரை போயிருந்தது.

திங்கட்கிழமை காலை, முன்பு எங்களுக்கு வினைல் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரு சுற்று பார்த்தார். பழைய பலகையைப் பிடுங்கி, புதுசு போட்டு, சுவரில் கீழே உரிந்த இடத்தில் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து 3,600 வெள்ளி, இரண்டே நாள். என் கணவருக்கு அந்த "இரண்டே நாள்" ரொம்பப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடவே தயாராகிவிட்டார். நான் வேலை செய்யும் பள்ளி அலுவலகத்தில் ஒரு தோழிக்குப் போன வருடம் இதே கதை. அவள்தான் போனில், "முதல்ல காய வைக்கிறவங்களக் கூப்பிடு, அப்புறம் மூடுறவங்களக் கூப்பிடு" என்றாள். பார்வையிட 60 வெள்ளி, வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். சரி, 60 வெள்ளி போனால் போகட்டும் என்று கூப்பிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. வந்ததும் நனைந்த இடத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேராகப் படுக்கையறையின் மறுகோடிக்குப் போய், நனையாத சுவரில் ஒரு கருவியின் இரண்டு ஊசிகளை வைத்து அழுத்தினார். 13 என்று காட்டியது. "இது உங்க வீட்டோட நல்ல சுவர் அக்கா. மத்த சுவரெல்லாம் இதுகிட்ட வரணும்" என்றார். மரத்துக்கென்று அமைத்த கருவி அது. சுவரில் காட்டும் எண் உண்மையான சதவீதம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் என்பதையும் அவரே சொன்னார். பிறகு வரவேற்பறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தார். 29. ஒரு முழம் மேலே, கண்ணுக்குக் கறையே தெரியாத இடத்தில், 22. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் பெயின்ட் உரிந்த இடத்தை மட்டும் நோய் என்று நினைத்திருந்தோம்.

என் கணவர் விடவில்லை. "தம்பி, ரெண்டு நாள்ல பெயின்ட் அடிச்சிடலாம்னு சொல்றாங்களே?"

"அடிக்கலாம் அண்ணே. செவுரு இன்னும் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க வாயை மூடிட்டா அது எங்க துப்பும்?"

அந்த ஒரு பதிலுக்கே வேலையைக் கொடுத்தேன். 4 நாளுக்கு 1,180 வெள்ளி என்று மதிப்பீடு வந்தது.

செவ்வாய் காலை மூன்று பேர் வந்து முதலில் வினைல் பலகைகளைக் கழற்றினார்கள். அடியில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. குழாயிலிருந்து வந்த சுத்தமான தண்ணீர்தானே என்றேன். அவர்கள் கணக்கில் தண்ணீருக்கு மூன்று தரமாம்: குழாய்த் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் மாதிரி அழுக்கானது, சாக்கடை. முதல் தரத்தில் வந்த தண்ணீரும் பலகைக்கு அடியில் தூசியோடும் பசையோடும் நாள்கணக்கில் கிடந்தால் இறங்கிவிடும். பூஞ்சணம் பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். எங்களுக்கு நான்கு நாள் ஆகிவிட்டது. சுவரடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் பலகையைப் பெயர்த்ததும் பின்பக்கம் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. பிளீச் ஊற்றப்போன என்னைத் தடுத்தார்கள். ஈரம் உறிஞ்சும் பொருளில் பூஞ்சணம் உள்ளே வேர்விட்டிருக்கும், பிளீச் மேல்நிறத்தைத்தான் வெளுக்கும், இதைத் தூக்கிப் போடுவதே வழி என்றார்கள்.

பிளீச் என்றதும் இன்னொன்று. அந்தத் தம்பி பழைய ஹோஸைக் கையில் வாங்கி, நுனியில் துருவேறிய பின்னலைக் காட்டி, "சிங்க் அடியில பிளீச் பாட்டில் வைப்பீங்களா அக்கா?" என்று கேட்டார். வைப்பேன். பத்து வருடமாக அங்கேதான் வைக்கிறேன். அதிலிருந்து கிளம்பும் குளோரின் ஆவி, துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் எஃகையும் அரித்துவிடுமாம். இப்போது பாட்டில் சர்வீஸ் யார்டில் இருக்கிறது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. இரண்டு டீஹியூமிடிஃபயர், நத்தை வடிவத்தில் நான்கு புளோயர். புளோயர் சுவரையும் தரையையும் ஒட்டிக் காற்றை வேகமாக ஊதும். அதனால் கிளம்பும் ஈரக்காற்றை டீஹியூமிடிஃபயர் இழுத்து, குளிர்ந்த கம்பிச்சுருளில் மோதவிட்டுத் தண்ணீராக்கும். ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே சமாசாரம்தான். தண்ணீரைத் தரைத்துளைக்கே விட்டிருக்கலாம். "நீங்களே பார்த்துக்குங்க" என்று தம்பி குழாயை வாளியில் போட்டார். முதல் நாள் ஐந்து வாளி. என் வீட்டுக் காற்றிலிருந்தும் சுவரிலிருந்தும் ஐந்து வாளி! அத்தை அதைத் துளசிக்கு ஊற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள்.

இரைச்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமான நிலையத்தில் குடியிருப்பது மாதிரி. பகலிலும் இரவிலும் நிறுத்தக்கூடாது. இரண்டாம் நாள் அத்தையை ஈசூனில் நாத்தனார் வீட்டில் விட்டோம். பக்கத்து வீட்டு அங்கிள் கதவைத் தட்டி, "ஹவ் மெனி டே?" என்றார். நான்கு விரல் காட்டினேன். அந்த நான்கு ஏழாகும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அத்தையை அனுப்பியதற்கு இரைச்சல் மட்டும் காரணமில்லை. அன்று விடியற்காலையில் அவர் எழுந்து, வழக்கம்போல் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, வாடை போக சாம்பிராணியும் போட்டுவிட்டார். எட்டு மணிக்கு வந்த தம்பி மீட்டரைப் பார்த்து முகம் சுருங்கினார். முந்தைய இரவு இறங்கியிருந்த அறையின் ஈரப்பதம் மறுபடி ஏறியிருந்தது. காற்றோட்டம் விட்டால் காயும் என்பது நம் பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. தஞ்சாவூர் வெயிலுக்கு அது சரி. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். சூரியன் உதிக்குமுன் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60க்கு இறங்கும். ஆக விடியற்காலை ஜன்னலைத் திறந்தால், 30 காசு யூனிட் மின்சாரத்தில் உலர்த்திய வீட்டுக்குள் வெளியிலிருந்து ஈரத்தை இலவசமாக வரவேற்கிறோம். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப காத்தே கெட்டதுங்கிறியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஸ்டோர் ரூமைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கொலு பொம்மைப் பெட்டிகள் மூன்று தரையில் இருந்தன. அதற்கு மேல் கல்யாண ஆல்பம். எங்கள் கல்யாணம் 1997இல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் நடந்தது. அட்டைப்பெட்டி தண்ணீரில் கூழாகி, மேலே இருந்த ஆல்பம் சரிந்து விழுந்திருந்தது.

படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்க முயன்றேன், ஒன்றில் என் அப்பாவின் தோள் கையோடு வந்துவிட்டது. நிறுவனத்தில் போன் எடுக்கும் பெண்மணி, "பிரிக்காதீங்க, நெகிழிப்பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்க" என்றார். பூஞ்சணமும் கெடுதலும் அப்படியே நின்றுவிடும், பிறகு ஆற அமரப் பார்க்கலாம் என்றார். என் கல்யாணம் மூன்று வாரம் ஆட்டுக்கறிக்கும் கொடுவா மீனுக்கும் நடுவே உறைந்து கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, நாலைந்தாக வெளியே எடுத்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக விலகியதும் முகம் மேலே இருக்கும்படி காயப்போட்டேன். அந்தக் காலத்துப் படச்சுருள் பிரின்ட் என்பதால் தாங்கியது. இப்போதைய இங்க்ஜெட் பிரின்ட்டைத் தண்ணீரில் போட்டால் சாயம் போய்விடலாம். 60 படங்களில் 11 போயிற்று. இந்த யோசனைக்கு அவர்கள் ஒரு காசு வாங்கவில்லை. என் கணக்கில் மொத்த வேலையிலும் விலைமதிப்பான பகுதி இதுதான்.

பொம்மைகளுக்கு வேறு கதை. மண் பொம்மைகளைப் புளோயருக்கு முன்னால் வைக்கப் போனோம். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், வண்ணம் செதில் செதிலாக எழும்பும் என்று தம்பி தடுத்தார். தமிழ் முரசுத் தாள்களை விரித்து, கட்டிலுக்கு அடியில் காற்று நேராகப் படாத இடத்தில் வைத்தோம். மண் பொம்மைகள் பெரும்பாலும் பிழைத்தன. காகிதக்கூழ் பொம்மைகள்தான் கரைந்தன. தசாவதாரம் செட்டில் மச்சமும் கூர்மமும் தண்ணீரைக் கண்டு அசரவில்லை. வாமனர் கரைந்துவிட்டார். செப்டம்பரில் நவராத்திரிக்கு ஒன்பது அவதாரம்தான் படியேறியது.

இனி மனக்குறைகள்.

மின்சாரம். இரண்டு டீஹியூமிடிஃபயரும் நான்கு புளோயரும் சேர்ந்து ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கும். ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரமும். அந்த மாத பில்லில் சுமார் 100 வெள்ளி கூடியது. மதிப்பீட்டுத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டபோது, "எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சோம்" என்றார்கள். எனக்குத் தெரியாது. தாளின் அடியில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நாள்கணக்கு. நான்கு நாள் என்றது வெள்ளிக்கிழமை முடிந்தபோது சுவர் 19இல் நின்றது. சிமெண்ட் தளம் இன்னும் ஈரம். இன்னும் மூன்று நாள், நாளுக்கு 220 வெள்ளி என்றார்கள். ஈரம் பொய் சொல்லவில்லை, எண்ணை நானே பார்த்தேன். ஆனால் 1980களின் கனத்த சிமெண்ட் பூச்சு மெதுவாகத்தான் காயும் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். "4 முதல் 7 நாள்" என்று அப்போதே எழுதியிருக்கலாம். அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை என்று சொல்ல முடியாத, ஆனால் குரல் உயர்ந்த ஒரு பேச்சு நடந்தது. மூன்று நாளுக்கு 660க்குப் பதில் 500 என்று முடிந்தது. மொத்தம் 1,680.

மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் எரிச்சல். சமையலறை அலமாரியின் அடிப்பலகையை என்னிடம் கேட்காமல் அறுத்துவிட்டார்கள். துகள்பலகை ஒருமுறை ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது, அறுத்ததில் தவறில்லை. கேட்டுவிட்டு அறுத்திருக்கலாம். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

பாராட்ட வேண்டியது, அவர்கள் அனுப்பிய அளவுத்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு, வீட்டில் பென்சிலால் குறித்த பதினான்கு இடங்களில் அளந்து, எண்ணையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 29, 27, 24, 21, 19, 17, 15 என்று இறங்குவதைப் பார்ப்பது, காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது. இயந்திரங்களை எடுத்துப்போன பிறகும் பத்து நாள் பெயின்ட் அடிக்காதீர்கள் என்றார்கள். அந்தப் பத்தாம் நாள் தம்பி கட்டணம் வாங்காமல் வந்து மறுபடி அளந்தார். 14. "இப்ப அடிங்க அண்ணே" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அந்தத் தாள் காப்புறுதிக்கும் உதவியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) தீக்காப்புறுதி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறோம். வீவக கட்டிக்கொடுத்த சுவர், கதவு போன்றவற்றோடு அது நின்றுவிடும். நாம் போட்ட வினைல், அலமாரி, சோபா, பொம்மை எதுவும் அதில் வராது. தோழி சொல்லித் தனியாக எடுத்திருந்த வீட்டுப்பொருள் காப்புறுதிதான் கைகொடுத்தது. திடீரென்று உடைந்ததா, நாள்பட்ட கசிவா என்று துருவிக் கேட்டார்கள். நாள்பட்டது என்றால் கிடையாது. தேதியிட்ட படங்களும் அளவுத்தாளும் போனதால் 2,100 வெள்ளி வந்தது.

கீழ்வீட்டு மலாய் அம்மாவை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சமையலறைக் கூரையில் பழுப்புக் கறை. நான் தலைகுனிந்து போனேன். அவர் முதலில் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். மேல்மாடித் தரையின் நீர்க்காப்பு காலப்போக்கில் தேய்ந்து கசிந்தால், வீவகவின் உதவித் திட்டத்தில் பாதிச் செலவை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் சரிபாதியாகப் பகிரும். அதைக் கேள்விப்பட்டிருந்த மாக்சிக், தானும் கால் பங்கு தரவேண்டுமா என்று கேட்டார். எங்கள் ஹோஸுக்கு அது பொருந்தாது, முழுக்க எங்கள் பொறுப்பு என்றேன். தம்பி கீழே போய் அவர் கூரையையும் அளந்து கொடுத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை. கூரை காய மூன்று வாரம் விட்டு, கறை மேலே வராமல் தடுக்கும் அடிப்பூச்சு போட்டு, பெயின்ட் அடித்தோம். 180 வெள்ளி. ஹரி ராயா ஹாஜிக்கு (ஹஜ்ஜுப் பெருநாள்) வீடு பளிச்சென்று இருக்கவேண்டிய நேரத்தில் அவர் கூரைக்கு அந்தக் கதி. மாக்சிக் ஒரு சொல் சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொஞ்சம் பெரியதாகப் போயிற்று.

இப்போது ஸ்டோர் ரூம். இயந்திரம் ஓடிய ஐந்தாம் நாள் சனிக்கிழமை. நான் சந்தைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், என் கணவர் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்து, ஸ்டோர் ரூமின் பின்சுவரை அடித்து முடித்துவிட்டார். "சின்னச் சுவர்தானே, காஞ்சமாதிரிதான் இருந்துச்சு" என்றார். அன்று காலைத் தாளில் அந்தச் சுவர் 21. தம்பி திங்கட்கிழமை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அந்தச் சுவரில் அப்பளம் பொரிந்தது. கொப்புளத்தை விரலால் தொட்டால் உடைந்து, உள்ளே உப்பு மாதிரி வெள்ளைத் தூள். சிமெண்டிலிருக்கும் உப்பை ஈரம் கரைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்து, பெயின்ட்டில் முட்டி நின்றிருக்கிறது. வரவேற்பறைச் சுவர், அதே தண்ணீர் குடித்த, அதே பிராண்ட் பெயின்ட் அடித்த சுவர், இன்றைக்கும் கைவைத்தால் வழவழவென்று இருக்கிறது. பருவமழையும் தொடங்கிவிட்டது, ஒரு புள்ளி கிடையாது.

ஆகவே நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது மின்சாரத்தையும் நாள்கணக்கையும் முன்கூட்டியே எழுதாததற்கு. ஸ்டோர் ரூம் சுவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் போன வாரம்தான் என் கணவர் முழுக்கச் சுரண்டி எடுத்தார். பெயின்ட் எப்போது என்று கேட்டேன். மீட்டர் கருவி கடையில் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.